அழிக்கும் முன் நிரப்பவும்

அலுவலகத்தில் அவளுக்கு அழிப்பு அக்கா என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயரைக் கேட்டு என்னவோ ஏதோ என்று பயந்துவிடாதீர்கள். அது வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனி. வாங்கியவர்களின் பெயர், போன் நம்பர், விலாசம் எல்லாம் அங்கே பட்டியலில் இருக்கும். "மெஷின் நல்லா ஓடுதா சார்? சர்வீஸ் பண்ணி ஆறு மாசம் ஆச்சே மேடம்?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க முன்கூடத்தில் முப்பது பேர். "சாமி, ஆளை விடுங்க, என் நம்பரை எடுத்துத் தொலைங்க" என்று கத்துகிறவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கப் பின்னறையில் ஒரே ஒருத்தி. பதினாறு வருஷமாக அந்த ஒருத்தி இவள்தான்.

அந்தப் பின்னறை ஒரு காலத்தில் உதிரிபாகங்கள் போட்டு வைத்த இடம். ஜன்னல் கிடையாது. சுவர் ஓரமாகப் பழைய மெஷின்களின் உருளைகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். எடுத்துவிடுகிறோம், எடுத்துவிடுகிறோம் என்று சொல்லியே காலம் ஓடிவிட்டது. முன்கூடத்தில் யாராவது தரை அதிர நடந்தால், அச்சோடு கழற்றி வைத்த உருளை ஒன்று தானாக அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். புதிதாக உள்ளே வருகிறவர்கள் அலறிவிடுவார்கள். அவள் தலையைக்கூடத் திருப்ப மாட்டாள். "பயப்படாதீங்க, அது என் அசிஸ்டென்ட்" என்பாள்.

அவள் வேலைக்கென்று ஒரு முறை இருந்தது. அழிக்கச் சொன்னவரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, தாளில் எழுதக் கூடாது. நம்பரின் கடைசி இரண்டு இலக்கம்தான் பெயர். "இன்னிக்கு எண்பத்திரண்டு என்னைக் கிழி கிழின்னு கிழிச்சுது" என்று மதியம் சாப்பிடும்போது சொல்வாள். ஒவ்வொரு ஆளையும் அழித்த பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். திரும்பி வந்து உட்காரும்போது பெயரும் ஊரும் மனசில் நிற்காது. அப்படிப் பழக்கி வைத்திருந்தாள்.

அழிப்பதில் ஒரு கோணல் புத்தி மட்டும் உண்டு. அது அவளுடையது அல்ல, கம்ப்யூட்டருடையது. விவரப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அழிக்க விடாது. 'விலாசம் இல்லை. அழிக்கும் முன் நிரப்பவும்' என்று சிவப்பில் ஒரு வரி காட்டி நின்றுவிடும். இருப்பதை எடுக்கச் சொன்னால், இல்லாததையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் எடுக்கும். எந்த மகாராசன் யோசித்த யோசனையோ! சேர்ந்த புதிதிலேயே மேலாளரிடம் போய்ச் சொன்னாள். எதைச் சொன்னாலும் ஆகட்டும், ஆகட்டும் என்பார், அதனால் அவருக்கு ஆகட்டும் சார் என்று பெயர். அதற்கும் ஆகட்டும் என்றார். பதினாறு வருஷமாக ஆகிக்கொண்டே இருந்தது. பொய் விவரம் நிரப்பினால் வேலை போய்விடும் என்பதால், அவளும் கேட்டுக் கேட்டு உண்மையான விலாசத்தையே நிரப்பி, அடுத்த நொடி அழித்துவந்தாள்.

அவள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான் அந்தக் கம்பெனியில் ஏறியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், "அழிச்சாச்சுன்னு ஜனங்களுக்கு ஒரு லெட்டர் போடலாமே சார், நிம்மதியா இருப்பாங்க" என்றாள். என்னென்ன அழிந்தது என்பதையும் அச்சடித்துப் போட்டால்தான் நம்புவார்கள் என்று சொன்னதும் அவள்தான். வாசகத்தை அவளே எழுதினாள். உறையின் ஓரத்துக்குப் பச்சைக் கரை போடலாம் என்று தேர்ந்தெடுத்ததும் அவளே. அழிக்கிற பொத்தானை அழுத்தினால் போதும், கீழ்த்தளத்தில் லெட்டர் தானாக அச்சாகித் தபாலுக்குப் போய்விடும். அதற்குப் பாராட்டாக அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும். அவர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். விடியலில் கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் அவள் முதலில் பிரிப்பது விலாசம் ஒட்டிய தாளைத்தான். அதைத் துண்டு துண்டாக நறுக்கி நனைத்துப் பிசைந்து குப்பையில் போட்ட பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். "நம்ம விலாசத்தைத் திருடி யாருடி என்ன பண்ணப் போறான்? கடன்காரன்கூட நம்ம வீட்டுக்கு வர யோசிப்பான்" என்று அவர் கிண்டல் பண்ணுவார். அவள் நறுக்குவதை நிறுத்த மாட்டாள்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேலையில்தான் ஒருநாள் நாற்பத்தேழு கூப்பிட்டாள்.

குரல் மிகவும் சன்னமாக இருந்தது. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பேசினாள். "மேடம், நான் வீட்டை விட்டு வந்துட்டேன். மெஷின் அவர்கிட்டதான் இருக்கு. எனக்கு எதுக்கு சர்வீஸ் கேட்டு போன் பண்றாங்க? என் நம்பரை எடுத்துடுங்க."

விவரத்தை எடுத்துப் பார்த்தாள். மெஷின் வாங்கியவர் புருஷன். அவர் பெயர்தான் அந்த வீட்டுக்கு முதல் பெயர். இவள் கூடுதல் நம்பர் என்ற கட்டத்தில் இருந்தாள். கூடுதல் நம்பர்காரர்களுக்கு விலாசம் தனியாக நிரப்ப வேண்டும். அது காலியாக இருந்தது.

"இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

"அது எதுக்கு மேடம்?"

"நிரப்பினாத்தான் அழிக்க விடும்மா. நிரப்பின அடுத்த நிமிஷம் போயிடும். என்கிட்டகூட இருக்காது."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

நாற்பத்தேழு விலாசம் சொன்னாள். அவள் தட்டினாள், அழித்தாள், கை கழுவினாள், தண்ணீர் குடித்தாள். மறந்தும் போனாள்.

மூன்று மாதம் கழித்து அதே சன்னக் குரல். "மேடம், மறுபடியும் உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வருது. அன்னிக்கு நெசமாவே அழிச்சீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷத்தில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. நம்பரைப் போட்டுப் பார்த்தாள். தன் கையால் அழித்த ஆள் பட்டியலில் உட்கார்ந்திருந்தாள்! அதே பெயர், அதே நம்பர், விலாசம் மட்டும் காலி. அந்த நேரம் பார்த்து மேலே உருளை அரைச் சுற்றுச் சுற்றியது. முதல் தடவையாக அவள் திரும்பிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வயர் என்கிற மனிதரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே விளக்கினார். "சர்வீஸ் பிரிவுக்குத் தனிப் பட்டியல் இருக்குக்கா. இந்த வருஷத்துலேர்ந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதை அப்படியே பெரிய பட்டியல்ல கொட்டறாங்க. நீங்க இங்க அழிச்சா அங்க இருக்கும். திரும்ப வரும்." அங்கேயும் எடுத்துவிடுங்கள் என்றால், ஆகட்டும் சார் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஆகட்டும் சார் ஆகட்டும் என்றார். உங்களுக்கே தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்று.

நாற்பத்தேழு போனை வைக்காமல் காத்திருந்தாள். "நான் வீடு மாத்திட்டேன் மேடம்" என்றாள்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"வேலை முடிஞ்சு வந்து பாக்கிறேன், கதவுக் கைப்பிடியில குடை தொங்குது. என் குடை. அந்த வீட்டுலயே விட்டுட்டு வந்தது. தொடைச்சு, மடிச்சு, பட்டன் போட்டு மாட்டியிருந்துச்சு."

"யார் வெச்சாங்கன்னு தெரியலையா?"

"தெரியும் மேடம். அவர் எதையுமே மடிச்சுத்தான் வைப்பார். என்னை அடிக்கிற அன்னிக்கும் துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டுத்தான் தூங்குவார்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போலீஸ்ல போய்ச் சொன்னேன். குடையைத் திருப்பிக் குடுத்ததுக்கெல்லாம் கேஸ் போட முடியுமாம்மான்னு சிரிச்சாங்க."

ஆனாலும் வேலை வேலைதானே. சிவப்பு வரி கண்ணெதிரே நின்றது. புது வீட்டு விலாசத்தைக் கேட்டாள், நிரப்பினாள், அழித்தாள். அன்றைக்குக் கையை இரண்டு தரம் கழுவினாள்.

அடுத்த மூன்று மாதம் நாற்பத்தேழு என்று எங்கே பார்த்தாலும் அவளுக்குத் திக்கென்றது. பஸ்ஸின் நம்பரில் இருந்தது, பால் பாக்கெட்டில் இருந்தது. சர்வீஸ் பட்டியலைக் கொட்டுகிற திங்கட்கிழமை காலையில் அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கவே விரல் வரவில்லை. போட்டாள். மூன்றாவது முறையாக அந்தப் பெண் அங்கே இருந்தாள். பதினைந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"அக்கா." இந்த முறை மேடம் இல்லை. "போன வீட்டுல சீப்பு வந்துச்சு."

"என்ன சீப்பு?"

"என்னோடதுதான். வாசப்படியில நட்ட நடுவுல வெச்சிருந்துச்சு. என் முடி அதுல அப்படியே சுத்தியிருந்துச்சுக்கா. இத்தனை நாள் எடுக்காம வெச்சிருந்திருக்கார்."

போனைக் கையில் பிடித்தபடியே எட்டி அறைக் கதவைச் சாத்தினாள்.

"நாள் கணக்கு எண்ணிப் பாத்தேன்" என்றாள் நாற்பத்தேழு. குரல் இன்னும் சன்னமாகிவிட்டது. "குடை வந்தது உங்ககிட்ட பேசின மூணாம் நாள். சீப்பும் மூணாம் நாள். அம்மாவுக்குக்கூட நான் விலாசம் சொல்லலை. வேலை செய்ற இடத்துலயும் தெரியாது. நீங்க யார்கிட்டயாவது சொல்றீங்களாக்கா?"

"ஐயையோ! என் வாயால ஒரு பேர் வெளியில போனது கிடையாதும்மா!"

"பின்னே எப்படிக்கா?"

எப்படி என்று அவளும் தலையைப் பிய்த்துக்கொண்டாள். முன்கூடத்து முப்பது பேரில் யாராவது பார்த்துச் சொல்கிறார்களோ? சர்வீஸ் ஆட்களில் எவனாவது அந்தப் புருஷனுக்குக் கூட்டாளியோ? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். பட்டியலில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் ஆபத்து, அடியோடு எடுத்துவிட்டால்தான் அந்தப் பெண் தப்ப முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. "நான் சொல்றதைக் கேளும்மா. இன்னிக்கு சர்வீஸ் பட்டியல்லயும் சேத்து எடுக்க வெக்கிறேன். கையெழுத்தை நானே நின்னு வாங்கறேன். அதுக்கு இந்தக் கட்டத்தை ஒரே ஒரு தடவை நிரப்பணும். அதோட உன்னை யாரும் தேட முடியாது."

நாற்பத்தேழு ஒத்துக்கொண்டாள். "சரி, எழுதிக்குங்க. மூணாவது மாடி, படியேறினதும் இடது கை பக்கம். பச்சை பெயின்ட் உரிஞ்ச கதவு. வேணும்னேதான் முழுசா சொல்றேன். மூணாம் நாள் லீவு போட்டுட்டு உள்ள உக்காந்திருப்பேன். அன்னிக்கு அவர் வந்தா உங்க ஆபீஸ்தான்னு தெரிஞ்சுடும். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

தெருவும் எண்ணும் மாடியும் கதவும் எல்லாம் தட்டி முடித்து அழித்தாள். ஆகட்டும் சாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, கையெழுத்துப் போடுகிற வரைக்கும் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அந்த மனிதர் மிரண்டுபோய்ப் போட்டுவிட்டார். வயர் சர்வீஸ் பட்டியலிலிருந்தும் எடுத்தார். அன்று கை கழுவ அவள் போகவே இல்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பச்சை பெயின்ட் உரிந்த கதவு கண்ணுக்குள்ளேயே நின்றது.

அழிகிற விவரம் எங்கேதான் போகிறது? பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. தன்னையே அழித்துப் பார்த்தால் என்ன? அவள் வீட்டிலும் அதே கம்பெனி மெஷின்தான், கணவர் பெயரில் வாங்கியது. அவளும் கூடுதல் நம்பர்தான். தன் பெயரை எடுத்து அழிக்கிற பொத்தானை அழுத்தினாள். அழிக்கும் முன் நிரப்பவும் என்றது. தன் வீட்டு விலாசத்தை அதில் தட்ட அவளுக்குக் கை வரவில்லை. ஐந்தாவது மாடி, ஆற்றோரத் தெரு என்று இல்லாத விலாசம் ஒன்றை நிரப்பினாள். பொய் விவரம் நிரப்பியது அதுதான் முதலும் கடைசியும். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் அவளை விழுங்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் புதன்கிழமை, அவளுக்கு வார விடுமுறை. காலையிலிருந்தே எதிலும் மனசு ஓடவில்லை. துவைத்த துணியையே திரும்ப மெஷினில் போட்டாள். பத்து மணிக்குக் கணவர் வந்தார். வாசலில் கிடந்த தபாலை எடுத்துப் பிரித்துப் படித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது, எனக்குத் தெரியாம அஞ்சாவது மாடியில வீடு எடுத்திருக்கியாமே? அதுவும் ஆற்றோரத் தெருவுல! எப்படி, காத்து நல்லா வருதா?"

"என்னங்க சொல்றீங்க?"

"உன் விவரத்தையெல்லாம் அழிச்சுட்டாங்களாம். உன் நம்பர், உன் புது வீட்டு விலாசம், அத்தனையும் போட்டு எனக்கு லெட்டர் வந்திருக்கு. திருட்டுத்தனமா குடிபோறவ இப்படியா மாட்டிக்குவா?"

அவர் சிரித்துக்கொண்டே நீட்டினார். பச்சைக் கரை போட்ட உறை. மேலே அவர் பெயர். உள்ளே அவள் எழுதிய வாசகம். 'கீழ்க்கண்ட விவரங்கள் இனி எங்களிடம் இல்லை. நிம்மதியாக இருங்கள்.' அதற்குக் கீழே அவளுடைய நம்பர், ஐந்தாவது மாடி, ஆற்றோரத் தெரு.

அவள் சிரிக்கவில்லை. உறையைத் திருப்பி மேலே இருந்த பெயரை மறுபடி படித்தாள். லெட்டர் அழிக்கச் சொன்னவருக்குப் போகும் என்றுதான் ஒன்பது வருஷமாக நினைத்திருந்தாள். அது வீட்டின் முதல் பெயருக்குப் போயிருக்கிறது. பெரும்பாலும் மெஷின் வாங்கியவரே அழிக்கச் சொல்வார், லெட்டரும் அவருக்கே போகும், அதனால் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. நாற்பத்தேழின் வீட்டுக்கு முதல் பெயர் அவள் புருஷன். திங்கட்கிழமை அச்சாகி, செவ்வாய்க்கிழமை தபாலில் சேர்ந்து, மூன்றாம் நாள் அவன் கையில் கிடைக்கும். குடைக்கு ஒன்று, சீப்புக்கு ஒன்று. இன்றைக்கு மூன்றாவது.

"ஐயோ, நான்தாங்க! நானே குடுத்திருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள்.

முதலில் வயருக்குப் போன் போட்டாள். அந்த நம்பர் வேண்டும், உடனே வேண்டும்.

"எந்த நம்பர்க்கா? அதைத்தான் ரெண்டு பட்டியல்லயும் எடுத்தாச்சே. நீங்கதானே சண்டை போட்டீங்க?"

"வந்த போன் லிஸ்ட்ல பாருங்க!"

"அது தினமும் சாயங்காலம் தானா தொடைச்சுடும்க்கா. சுத்தமா அழிச்சாச்சு, கவலையே படாதீங்க."

கணவர் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். ஆபத்தில் இருக்கிற பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார்கள். அவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு ஞாபகம் இல்லை. அத்தனை தரம் கண்ணால் பார்த்த பெயர், ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. அன்று கை கழுவாததால் விலாசம் மட்டும் மனசில் நின்றிருந்தது; அதை வாங்கிக்கொண்டு, முடிந்தால் ஆள் அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டார்கள். "வண்டியில ஏறு" என்றார் அவர்.

நகரத்தின் மறுகோடிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தெருவைச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ரொட்டி வண்டி நுழையாது. பின்சந்தில் நிறுத்தி வைக்கிறேன், நீ முன்னால் போ என்றார். அவள் ஓடினாள். மாடிப்படி இருட்டாக, ஈரச் சுவர் வாடையோடு இருந்தது. ஒரு வீட்டிலும் பேச்சுக்குரல் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருவர் இறங்கி வந்தார். சலவைச் சட்டை, வாரிய தலை. அவளைக் கண்டதும் மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"மேலேயாம்மா? அடுத்த படி உடைஞ்சிருக்கு, பாத்துப் போங்க."

"சரிங்க" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு ஏறினாள். அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது, காலிப் பை, நாலாக மடித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு உறை எட்டிப் பார்த்தது. ஆறேழு படி ஏறிய பிறகுதான் அதன் ஓரத்துப் பச்சைக் கரை அவள் மண்டையில் உறைத்தது.

அப்படியே நின்றுவிட்டாள். கீழே அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு படியாக. தரைக்குப் போனதும் நின்றது. தெருக்கதவு திறக்கும் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை.

கடைசிப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. இடது கைப் பக்கம் பச்சை பெயின்ட் உரிந்த கதவு. அதற்கு முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு. பெண்கள் போடுகிற பழைய செருப்பு, தூசி தட்டி, வார் இழுத்து விட்டு, ஒட்டி ஒட்டி வைத்திருந்தது. நுனி இரண்டும் படியைப் பார்த்து இருந்தன. உள்ளே இருக்கிறவள் கதவைத் திறந்து காலை நுழைத்து நேராகக் கீழே இறங்கிப் போக வேண்டியதுதான், அப்படி.

அந்தப் பெண் கண்ணில் இது படக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. சட்டென்று குனிந்து இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். கதவை விரல் நுனியால் தட்டினாள்.

"அம்மா, நான்தான். ஆபீஸ் அக்கா. கதவைத் திற."

உள்ளே ஆள் இருந்ததற்கு அடையாளமாக ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை. "நாப்பத்தேழு" என்றாள், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல். கொஞ்ச நேரம் கழித்துச் சங்கிலி குலுங்கியது. நாலு விரற்கடை கதவு திறந்தது. குரலை வைத்து நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். கையில் இஸ்திரிப் பெட்டியை ஓங்கிப் பிடித்திருந்தாள். பார்வை அவள் முகத்துக்கு வரவே இல்லை. நேராக அவள் கையிலிருந்த தன் பழைய செருப்பில் போய் விழுந்தது.

"அப்ப நீங்கதானாக்கா?"

வண்டியில் வரும்போது எல்லாவற்றையும் கோத்து வைத்திருந்தாள். முதல் பெயர், கூடுதல் நம்பர், சர்வீஸ் பட்டியல், ஆகட்டும் சார், கையெழுத்து. ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆமாம்மா. நான்தான். மூணு தடவையும் நான்தான்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழிச்சதும் லெட்டர் போகும். உனக்குப் போகுதுன்னு நெனச்சேன். உன் விலாசத்தைப் போட்டு அவனுக்குப் போயிருக்கு. நான் எழுதின லெட்டர்தான்."

இஸ்திரிப் பெட்டி இறங்கவில்லை. அந்தப் பெண் அவளையே பார்த்தாள். ஓங்கி ஒன்று போட்டிருந்தால்கூட அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். கீழே எங்கோ ஒரு படி கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று.

"பின்பக்கப் படி இருக்கா?"

"இருக்கு."

"சந்துல என் வீட்டுக்காரர் வண்டியோட நிக்கிறார். நம்பறதும் நம்பாததும் அப்புறம். கிளம்பும்மா, உன் கால்ல விழறேன்!"

சங்கிலி கழன்றது. அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்த பையை எடுத்தாள். செருப்பை வாசலிலேயே போட்டுவிட்டு இருவரும் பின்படியில் இறங்கி ஓடினார்கள். கணவர் இஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார். காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்ததும் வண்டி சந்தைவிட்டுப் பாய்ந்தது. மூன்று தெரு தாண்டிய பிறகுதான் அவர் வேகத்தைக் குறைத்தார்.

"எங்கம்மா விடணும்?" என்று கேட்டார் அவர்.

"கூட வேலை பாத்தவ ஒருத்தி இருக்கா. அவ வீடு இங்கேர்ந்து..."

"சொல்லாதே!" அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்திவிட்டாள். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிப் போனது. "என்கிட்ட சொல்லாதேம்மா. அவர்கிட்டயும் சொல்லாதே. பஸ் ஸ்டாண்டுல இறங்கிக்கோ. அதோட முடிஞ்சுது."

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. அந்தப் பெண் வெறுங்காலோடு இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

"நான் நல்லபடியா போய்ச் சேந்தேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியக் கூடாதும்மா" என்றாள். அவள் எந்தப் பக்கம் நடக்கிறாள், எந்தப் பஸ்ஸில் ஏறுகிறாள் என்று கண்ணில் பட்டுவிடாமல், வண்டியின் தகரச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.